பந்து நம்மிடம் நிற்க என்ன செய்யலாம்? ஃபுட்பால் மேனேஜர் ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரம்பூரில் ஒரு டர்ஃப் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் ஆடுவோம். முடிந்ததும் டீக்கடையில் நிற்கும்போது பேச்சு எப்படியும் ஃபுட்பால் மேனேஜர் பக்கம், அதாவது ஒரு அணிக்கு நாமே மேனேஜராகி ஆட்டத்தைத் திட்டமிடும் கம்ப்யூட்டர் விளையாட்டின் பக்கம், போய்விடும். முட்டி வலிக்காமல் ஆடக்கூடிய ஒரே கால்பந்து அதுதான் என்ற வயதுக்கு எங்களில் பாதிப் பேர் வந்துவிட்டோம். கேட்கிற ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் 2023 நவம்பரில் வந்த 2024 பதிப்பை வைத்துச் சொன்னவை. புதிய பதிப்பைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். திரையில் வரும் அமைப்புகளின் பெயரை மொழிபெயர்க்கவில்லை. அப்படியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், தேடி எடுக்க அதுதான் வசதி.

பந்து நம்மகிட்ட அதிக நேரம் இருந்தா மேட்ச் ஜெயிச்ச மாதிரிதானே ப்ரோ?

அப்படி ஒரு உத்தரவாதமும் கிடையாது. 2012 நவம்பரில் சாம்பியன்ஸ் லீகில் செல்டிக் அணி பார்சிலோனாவை 2-1 என்று சாய்த்தபோது, பந்து 80 சதவீதத்துக்கும் மேல் பார்சிலோனாவிடம்தான் இருந்தது. 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயின் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் அதிகமான பாஸ்கள் போட்டு, 1-1 என்று இழுத்து, பெனால்டியில் வீட்டுக்குப் போனது. 2022இல் மொராக்கோவிடம் மறுபடி அதே கதை. அந்தத் தடவை பெனால்டியில்கூட ஒன்றும் உள்ளே போகவில்லை.

எனக்குப் பிடித்தது இதற்குத் தலைகீழான ஒரு மேட்ச். 2013 செப்டம்பரில் பார்சிலோனா ராயோ வயெகானோவை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று நொறுக்கியது. ஆனால் பந்து ராயோவிடம்தான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஐந்து வருடத்துக்கும் மேலாக, முந்நூற்றுச் சொச்சம் மேட்சுகளில் பார்சிலோனா அந்தக் கணக்கில் பின்தங்கியது அதுவே முதல் தடவை. நாலு கோல் அடித்துவிட்டு வந்த அணியிடம் போய் பந்து ஏன் குறைந்தது என்று கேட்டார்கள்!

இன்னொன்று. இந்தச் சதவீதத்தைப் பல இடங்களில் கடிகாரம் வைத்து அளப்பதில்லை. இரண்டு அணிகளும் போட்ட மொத்தப் பாஸ்களில் யார் பங்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். பின்வரிசை நடுவில் நிற்கும் உங்கள் சென்டர் பேக் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று தட்டிக்கொண்டிருந்தாலே அந்த எண் ஏறிவிடும். அதனால் இந்தப் பக்கம் முழுக்க நான் பேசப்போவது பந்து எங்கே நிற்கிறது, அது நிற்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

டிக்கி-டாக்கான்னு ரெடிமேடா ஒண்ணு இருக்கே, அதை அப்படியே போட்டுட்டா?

போடலாம், சில வாரம் ஓடும். ஆயத்த பாணிகளில் பந்தை வைத்து ஆட மூன்று இருக்கின்றன: கன்ட்ரோல் பொசஷன், டிக்கி-டாக்கா, வெர்ட்டிகல் டிக்கி-டாக்கா. முதலாவது நிதானமானது. கடைசியானது குறுகலாக நின்று, கிடைத்தவுடன் பந்தை முன்னால் செலுத்துவது. டிக்கி-டாக்கா என்ற பெயரை 2006 உலகக் கோப்பை சமயத்தில் ஊரறியச் செய்தவர் ஆந்த்ரேஸ் மோன்டெஸ் என்ற ஸ்பானிய வர்ணனையாளர். அந்தப் பெயரை எல்லோரும் யார் தலையில் கட்டினார்களோ, பார்சிலோனாவின் பயிற்சியாளராக இருந்த அந்தக் குவார்டியோலாவுக்குப் பாஸுக்காகவே பாஸ் போடுவது பிடிக்காத விஷயம்.

ஆயத்த பாணியில் உள்ள சிக்கல் வேறு. அது பத்துப் பன்னிரண்டு கட்டளைகளை ஒரே மூச்சில் டிக் செய்துவிடும். சரியாக வராதபோது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் செய்வது இது: கன்ட்ரோல் பொசஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றுவேன். ஷார்ட்டர் பாஸிங் (குட்டைப் பாஸ்), பிளே அவுட் ஆஃப் டிஃபன்ஸ் (பின்வரிசையிலிருந்தே பாஸ் போட்டு வெளியே வருவது), கவுண்டர் பிரஸ் (பந்து போனவுடன் ஓடிப் பிடுங்குவது), இந்த மூன்றை மட்டும் விடுவேன். ஐந்தாறு மேட்ச் பார்த்த பிறகு வேண்டுமானால் ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன்.

பாஸை ஷார்ட்டர்னு வெச்சேன், டெம்போவையும் குறைச்சேன். அப்பவும் பந்து போயிடுதே, ஏன்?

மெண்டாலிட்டி, அதாவது அணி எவ்வளவு துணிந்து ஆட வேண்டும் என்ற அமைப்பு, என்னவென்று பார்த்தீர்களா? இதைக் கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அட்டாக்கிங் அல்லது வெரி அட்டாக்கிங்கில் வைத்திருப்பார்கள். மற்ற பட்டன்கள் எல்லாம் மெண்டாலிட்டியின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதை ஏற்றினால் டெம்போ (பந்தை நகர்த்தும் வேகம்) ஏறும், பாஸ் நீளும், ஆட்டம் அகலமாகும், ஒவ்வொரு ஆளும் கூடுதல் ரிஸ்க் எடுப்பார். அட்டாக்கிங்கில் இருக்கும் ‘ஷார்ட்டர்’ வேறு, பேலன்ஸ்டில் இருக்கும் ‘ஷார்ட்டர்’ வேறு. மெண்டாலிட்டியை மாற்றிவிட்டு அதே திரையில் டெம்போ பட்டையைப் பாருங்கள், நீங்கள் தொடாமலே நகர்ந்திருக்கும். பேலன்ஸ்ட் அல்லது பாசிட்டிவில் ஆரம்பியுங்கள்.

அதற்கப்புறமும் போகிறது என்றால், பந்து வாங்க ஆள் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். பாஸ் குட்டையாக இருக்கட்டும் என்று கட்டளை போட்டால், பக்கத்தில் நிற்க ஆளையும் நாம்தான் கொடுக்க வேண்டும். ரொம்ப அகலமாக ஆடவிட்டு, எல்லாருக்கும் அட்டாக் டியூட்டி (முன்னால் ஓடும் பணி) கொடுத்து, குட்டையாகப் பாஸ் போடு என்றால் அவர் என்ன செய்வார்? திரும்பி கீப்பருக்கு அடிப்பார்.

எந்த ஃபார்மேஷன் போட்டா பந்து அதிகம் நிக்கும்?

திரையில் நீங்கள் அடுக்கும் ஃபார்மேஷன், பந்து எதிரியிடம் இருக்கும்போது உங்கள் ஆட்கள் நிற்கும் நிலை. பந்து நம்மிடம் வந்ததும் ஒவ்வொரு ஆளுக்கும் நாம் கொடுத்த ரோலும் (எந்த மாதிரி ஆட வேண்டும்) டியூட்டியும் (முன்னால் ஓடுவதா, துணை நிற்பதா) சேர்ந்து அதைக் கலைத்து வேறு வடிவம் ஆக்கும். அந்த இரண்டாவது வடிவத்தில்தான் விஷயம் இருக்கிறது. 4-3-3 பலருக்கும் சரிவருவதற்குக் காரணம், களம் முழுக்க முக்கோணங்கள் தானாக விழுவது. ஆளுக்கு இரண்டு பாஸ் வழி எப்போதும் இருக்கும்.

நான் பழகியது இது: டிஃபன்சிவ் மிட்ஃபீல்டர் ஒருவர், ஒரு பக்கம் இன்வர்ட்டட் விங் பேக், மறு பக்கம் அடக்கமாகப் பின்னாலேயே நிற்கும் ஃபுல் பேக். பந்து நம்மிடம் வந்தால் அந்த விங் பேக் உள்ளே வந்து டிஃபன்சிவ் மிட்ஃபீல்டருக்குத் தோள் கொடுப்பார். பின்னால் மூன்று, அவர்களுக்கு முன்னால் இரண்டு, மேலே ஐந்து. பந்து போனாலும் நடுவில் ஐந்து பேர் மறித்துக்கொண்டு நிற்பார்கள். 4-2-3-1இலும் இதைச் செய்யலாம். 4-4-2 போட்டுவிட்டு நடு மைதானத்தில் பந்து நிற்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள். எதிரியிடம் அங்கே மூன்று பேர், நம்மிடம் இரண்டு பேர், அவ்வளவுதான் கணக்கு.

நான் சென்னையின் எஃப்சி எடுத்திருக்கேன். நம்ம ஆளுங்களுக்கு அந்த அளவு டெக்னிக் இல்லையே அண்ணா?

வேண்டியதில்லை. லீகில் மற்றவர்களை விட ஒரு படி மேலே இருந்தால் போதும். ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 20 வரை எண் இருக்கிறது. ஐரோப்பாவில் 11 என்பது சாதாரணம், இந்தியன் சூப்பர் லீகில் ஒரு மிட்ஃபீல்டருக்கு அது நல்ல எண். பாஸிங்கை மட்டும் பார்க்காதீர்கள். ஃபர்ஸ்ட் டச், டெசிஷன்ஸ், கம்போஷர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பாஸிங் 14 வைத்துக்கொண்டு கம்போஷர் 7 என்றிருப்பவர், யாராவது ஓடி வந்து அழுத்தினால் பதறிப்போய்க் கண்ட இடத்தில் தட்டிவிடுவார். அழுத்தமில்லாத நேரத்தில் அழகாகத் தெரியும் ஆள் அவர்.

அப்புறம், வெளிநாட்டு வீரர்கள். 2021-22 சீசனிலிருந்து ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் நான்கு பேரைத்தான் களத்தில் இறக்க முடியும். எல்லாரும் முதல் காசை ஸ்ட்ரைக்கருக்குக் கொட்டுகிறார்கள். பந்து வைத்து ஆடப்போகிறீர்கள் என்றால் முதல் இடத்தை டிஃபன்சிவ் மிட்ஃபீல்டருக்கும், இரண்டாவதைப் பந்து விளையாடத் தெரிந்த ஒரு சென்டர் பேக்குக்கும் கொடுங்கள். ஸ்ட்ரைக்கர் மூன்றாவது. எங்கள் குழுவில் இதற்குப் பெரிய எதிர்ப்பு உண்டு, நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பந்து பின்னாலிருந்து ஒழுங்காக வெளியே வராத அணியில் 20 கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

வீரரின் தனிப் பழக்கங்களையும் பாருங்கள். ஆட்டத்தின் வேகத்தைத் தானே தீர்மானிப்பவர், குட்டையாக எளிய பாஸ் போடுபவர், சுவர்ப் பாஸ் போட்டு ஓடுபவர் எல்லாம் தங்கம். தூரத்திலிருந்தே ஷாட் அடிக்கும் பழக்கமுள்ள ஒரு மிட்ஃபீல்டர் இருந்தால், நீங்கள் இருபது பாஸ் கோத்து வைத்ததை ஒரே உதையில் கேலரிக்கு அனுப்புவார்.

கீப்பர் ஏன் பந்தைத் தூக்கித் தூக்கி அடிக்கிறார்?

நீங்கள் சொல்லாததால். கீப்பர் பந்து கொடுக்கும் முறையில் டேக் ஷார்ட் கிக்ஸ் போட்டு, சென்டர் பேக்குகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். 2019இல் விதி மாறியதிலிருந்து கோல் கிக்கைப் பெனால்டி ஏரியாவுக்கு உள்ளேயே நம் ஆள் வாங்கலாம், அதனால் இது முன்பைவிடச் சுலபம். பிளே அவுட் ஆஃப் டிஃபன்ஸும் கூட இருக்கட்டும். எதிரணி மூன்று பேரை வைத்து உங்கள் பாக்ஸிலேயே அழுத்தினால் மட்டும் அந்த மேட்சுக்கு இதைக் கழற்றிவிடுங்கள். வீம்புக்குக் கோல் வாங்க வேண்டாம்.

பிளேமேக்கர் எத்தனை பேர் வெச்சிக்கலாம்? மூணு பேர் இருந்தா இன்னும் நல்லா ஆடுமா?

பிளேமேக்கர் என்று பெயருள்ள ரோலுக்கு இந்த விளையாட்டில் ஒரு காந்தம் உண்டு. மற்றவர்கள் பந்து கிடைத்ததும் அவரைத் தேடிக் கொடுப்பார்கள். மூன்று காந்தம் வைத்தால் பந்து அந்த மூன்று பேருக்குள்ளேயே சுற்றும், விங்கர் கையைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்பார். ஒருவர் போதும். இரண்டு பேர் என்றால் ஒருவர் டிஃபன்ஸுக்கு முன்னால், மற்றவர் மேலே. பக்கத்து பக்கத்தில் வேண்டாம். எதிரணி அவரை ஒட்டிக்கொண்டே திரிந்தால் அன்றைக்கு அவரைச் சாதாரண சென்ட்ரல் மிட்ஃபீல்டர் ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். ஆள் அதே ஆள்தான், பந்து மட்டும் வேறு வழி தேடும்.

பந்து நம்மகிட்டதான் இருக்கு, ஆனா கோலே வரல. சைடுலயே சுத்திட்டு இருக்கோம். என்ன பண்றது?

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. என் சேவில் (நான் சேமித்து வைத்துத் தொடர்ந்து ஆடும் ஆட்டத்தில்) நடந்த ஒரு மேட்சைச் சொல்கிறேன். நேரு ஸ்டேடியத்தில் நம் ஆட்டம், எதிரே பட்டியலில் அடியில் கிடந்த அணி. எழுபது நிமிடம் ஆகியும் 0-0. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பந்து நம்மிடம். ஷாட் பத்தொன்பது, அதில் முக்கால்வாசி பாக்ஸுக்கு வெளியிலிருந்து. நான் வழக்கம்போல முக்கியக் காட்சிகளை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். எரிச்சலில் ஃபுல் மேட்சுக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து, பந்தை விட்டுவிட்டு மற்ற ஆட்களை மட்டும் பார்த்தேன்.

இடது விங்கர் பந்தை வாங்கி ஃபுல் பேக்கைப் பார்த்து நின்றார். ஸ்ட்ரைக்கருக்கு டீப் லையிங் ஃபார்வர்ட் ரோல், அவர் பந்தை நோக்கி இறங்கி வந்தார். அட்டாக்கிங் மிட்ஃபீல்டரும் வந்தார். வலது விங்கரும் உள்ளே வந்துவிட்டார். பத்தடிக்குள் நம் ஆட்கள் நான்கு பேர், அவர்களைப் பார்த்தபடி எதிரணி டிஃபெண்டர்கள் சாவகாசமாக நிற்கிறார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருபது அடி காலி இடம், அங்கே ஒரு காக்காகூட இல்லை. பந்து திரும்பி நடுவுக்குப் போனது, அங்கிருந்து வலது ஃபுல் பேக்குக்கு, மறுபடி இடதுக்கு. பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம், கருவறைப் பக்கம் போக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மேலே இருந்த நான்கு பேருக்கும் சப்போர்ட் டியூட்டி. நான் கொடுத்ததுதான்.

வியாசர்பாடியில் பையன்கள் ஆடுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? பந்து வைத்திருப்பவன் சத்தமே போட மாட்டான். பந்து இல்லாதவன்தான் கையை நீட்டி, பேர் சொல்லிக் கத்தி, டிஃபெண்டரைத் தாண்டி ஓடுவான். பந்து போகலாம், போகாமலும் இருக்கலாம், ஆனால் அந்த ஓட்டத்துக்கே ஒரு டிஃபெண்டர் பின்னால் இழுபடுவான், நடுவில் இடம் பிறக்கும். விளையாட்டில் அந்த ஓட்டத்தைக் கொடுப்பது அட்டாக் டியூட்டியும் ஆஃப் த பால் என்ற திறனும். அன்றைக்கு நான் மாற்றியவை: ஸ்ட்ரைக்கர், டிஃபெண்டர்களைத் தாண்டி ஓடும் அட்வான்ஸ்ட் ஃபார்வர்ட் ஆனார். இடது விங்கர் அட்டாக் டியூட்டியோடு, ஓரத்திலிருந்து உள்ளே பாயும் இன்சைட் ஃபார்வர்ட். அவர் காலி செய்த ஓரத்தை அடைக்க இடது ஃபுல் பேக்கை மேலே அனுப்பினேன். வலது பக்கம் அப்படியே, யாராவது பொறுமையாக இருக்க வேண்டுமே. டெம்போவை ஒரு படி ஏற்றினேன். மேட்ச் 0-0 என்றுதான் முடிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் பாக்ஸுக்குள்ளிருந்து நான்கு ஷாட். அடுத்த மேட்சில் அதே அமைப்பு முதல் பாதியிலேயே இரண்டு கோல் கொடுத்தது.

ஒர்க் பால் இன்டு பாக்ஸ் டிக் பண்ணணுமா, வேணாமா?

தூரத்து ஷாட்டும் அவசர கிராஸும் குறையும், பொறுமை கூடும். ஏற்கெனவே மெதுவாக ஆடும் அணிக்கு இதையும் போட்டால், மேலே சொன்ன பிரகாரச் சுற்றுதான். உங்கள் ஆட்கள் கண்ட இடத்திலிருந்து அடிக்கிறார்கள் என்றால் போடுங்கள். பாக்ஸ் வாசலில் நின்று யோசிக்கிறார்கள் என்றால் எடுங்கள்.

பந்து போயிட்டா உடனே ஓடிப் பிடிக்கணுமா, பின்னாடி வந்து நிக்கணுமா?

பந்து வைத்திருக்கும் அணி என்று பெயர் எடுத்த எல்லா அணிகளும் பந்தைச் சீக்கிரம் பிடுங்கிய அணிகளும்தான். எதிரி பத்துப் பாஸ் போடுவதற்குள் பிடுங்கினால் சதவீதம் தானாக நம் பக்கம் சாயும், நம் பாஸ் எண்ணிக்கை ஏறாமலே. அதனால்தான் முதலில் வைக்கச் சொன்ன மூன்றில் கவுண்டர் பிரஸையும் சேர்த்தேன். டிஃபன்ஸ் லைனையும் எதிரியை மறிக்கும் கோட்டையும் ஒன்றாக மேலே தூக்குங்கள். முன்வரிசை மட்டும் ஓடிப்போய் அழுத்த, பின்வரிசை கீழேயே நின்றால் நடுவில் ஒரு பெரிய சந்து விழும். எதிரிக்கு அதைவிட வசதி வேறில்லை.

இரண்டு எச்சரிக்கை. சென்டர் பேக் இரண்டு பேரும் மெதுவாக ஓடுபவர்கள் என்றால் லைனை ரொம்ப உயர்த்தாதீர்கள். அப்புறம், இப்படி ஆடினால் ஆட்கள் களைத்துப்போவார்கள். அறுபதாவது நிமிடத்துக்கு மேல் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள இதயக் குறியைக் கவனியுங்கள். நிறம் மங்கினால் மாற்று ஆளை இறக்குங்கள் அல்லது ரீகுரூப்புக்குப் (பந்து போனதும் பின்னால் வந்து நிற்பது) போங்கள். சென்னை வெயிலில் டர்ஃபில் பத்து நிமிடம் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரிய டீமோட அவங்க ஊர்ல ஆடும்போது பந்தே கிடைக்க மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

கிடைக்காது. அன்றைக்கு 40 சதவீதம் கிடைத்தால் போதும் என்று உட்காருங்கள். 2015-16இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்து பிரீமியர் லீகைத் தூக்கியபோது பெரும்பாலான மேட்சுகளில் பந்து எதிரியிடம்தான் அதிகம் இருந்தது. மறிக்கும் கோட்டை நடுவுக்கு இறக்கி, கவுண்டர் பிரஸை எடுத்துவிட்டு ரீகுரூப் போடுங்கள். ஆனால் ஷார்ட்டர் பாஸிங்கை எடுக்காதீர்கள். பெரிய அணியிடம் பந்தைத் தூக்கி அடித்தால் அது பத்து நொடியில் திரும்பி வரும். பிடுங்கிய பந்தை நாலு பாஸ் வைத்திருந்தாலே பின்வரிசைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பந்தை வைத்திருப்பதும் ஒரு வகை டிஃபன்ஸ் என்று புரிவது இந்த மாதிரி மேட்சில்தான்.

ஒரு கோல் அடிச்சிட்டோம், இன்னும் 20 நிமிஷம் இருக்கு. பந்தை வெச்சே நேரத்தை ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் எல்லாரும் செய்யும் தப்பு, மெண்டாலிட்டியை டிஃபன்சிவுக்கு ஒரேயடியாக இறக்குவது. அதை இறக்கினால் லைனும் இறங்கும், எதிரி நம் பாக்ஸுக்கே வந்துவிடுவார். ஒரு படி மட்டும், பாசிட்டிவிலிருந்து பேலன்ஸ்டுக்கு, அல்லது பேலன்ஸ்டிலிருந்து காஷியஸுக்கு. டெம்போவைக் குறையுங்கள், நேரம் கடத்துவதைக் கொஞ்சம் கூட்டுங்கள். முன்னால் ஓடும் ஒரு ஆளை மட்டும் அப்படியே விட்டு வையுங்கள். அவர் இருந்தால் எதிரணி சென்டர் பேக் இரண்டு பேரும் மேலே வரப் பயப்படுவார்கள்.

முதல் பத்து மேட்ச் அருமையா போச்சு. அப்புறம் வர்றவன் எல்லாம் பஸ்ஸை கொண்டாந்து கோல் முன்னாடி நிறுத்திட்டான். டாக்டிக் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை, உங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க எதிரணிகள் உங்களைப் பெரிய அணியாக எண்ணி ஒதுங்கி நிற்க ஆரம்பிக்கும். அதே டாக்டிக்குக்கு இப்போது முன்னால் இடம் இல்லை. மூன்று டாக்டிக் வரை சேமித்துப் பழக்கலாம். இரண்டாவதைப் பூட்டிய வீட்டைத் திறப்பதற்கென்றே தயாரியுங்கள்: அகலம் அதிகம், இரண்டு பக்கமும் ஏறும் விங் பேக்குகள், பாக்ஸுக்குள் இரண்டு ஸ்ட்ரைக்கர்கள் அல்லது பின்னாலிருந்து பாய்ந்து வரும் ஒரு மிட்ஃபீல்டர். லைனையும் அரையடி இறக்குங்கள், அவர்கள் ஆசைப்பட்டு வெளியே வரட்டும்.

கார்னரை மறக்காதீர்கள். பந்தை வைத்து அழுத்தும் அணிக்குக் கார்னர் நிறையக் கிடைக்கும், அதை வீணடிப்பவர்கள்தான் அதிகம். 2018 மார்ச்சில் பெங்களூரில் நடந்த ஐஎஸ்எல் இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். சுனில் சேத்ரி முதலில் அடித்துவிட்டார். சென்னையின் அணியைத் திரும்பக் கொண்டுவந்தவை மெயில்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து தலையால் முட்டிய இரண்டு கோல்கள். 3-2, கோப்பை நம் ஊருக்கு. விளையாட்டில் செட் பீஸ் திரையில் அரை மணி நேரம் செலவழிக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு, ஓபன் பிளேயில் கோல் வரவில்லை என்று மூன்று வாரம் புலம்புகிறோம்.

டிரெயினிங்ல தனியா ஏதாச்சும் பண்ணணுமா?

சீசனுக்கு முன் டாக்டிக் பரிச்சயப் பட்டை நிரம்பும்வரை மேட்ச் பிராக்டிஸ், டீம்வொர்க் பயிற்சிகளைக் கூடுதலாக வையுங்கள். சீசன் ஓடும்போது துணைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடலாம். நடுவில் பாணியைத் தலைகீழாக மாற்றினால் அந்தப் பட்டை மறுபடி காலியாகும், அதுதான் கவனிக்க வேண்டியது.

டேட்டா ஹப்ல அவ்வளவு எண் இருக்கு. எதைப் பார்த்து டாக்டிக் சரியா போகுதுன்னு தெரிஞ்சிக்கிறது?

முதல் கேள்வியில் திட்டிய அந்தச் சதவீதத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் ஷாட் வரைபடம். புள்ளிகள் பாக்ஸுக்குள் குவிந்திருக்கின்றனவா, வெளியே சிதறிக் கிடக்கின்றனவா? எக்ஸ்ஜியை, அதாவது ஷாட்டுகளின் தரத்தை வைத்து எதிர்பார்க்கும் கோல் எண்ணிக்கையை, ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஷாட்டின் சராசரித் தரம் தெரியும். பத்தொன்பது ஷாட் போட்டு எக்ஸ்ஜி ஒன்றைத் தொடவில்லை என்றால் என் 0-0 மேட்ச்தான் உங்களுக்கும் நடந்திருக்கிறது.

அடுத்து பாஸ் வரைபடம். தடித்த கோடு இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவில் மட்டும் இருந்தால் எதிரி உங்களை அங்கே ஆடவிட்டு வேடிக்கை பார்க்கிறார். டிஃபன்சிவ் மிட்ஃபீல்டரிலிருந்து மேலே இரண்டு மூன்று தடித்த கோடுகள் கிளம்ப வேண்டும். ஸ்ட்ரைக்கரின் வட்டம் தனியாகக் கோடே இல்லாமல் மிதந்தால், அவருக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தேவை. இதை ஒரு மேட்சை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஐந்து மேட்ச் சேர்த்துப் பாருங்கள்.

ரெண்டு மேட்ச் வரிசையா தோத்துட்டேன். ஃபுல்லா மாத்திடட்டா?

எந்த இரண்டு மேட்ச்? ஷாட் வரைபடம் நன்றாக இருந்தும் தோற்றிருந்தால் கை வைக்காதீர்கள். மோசமாக இருந்தால் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் அது ஒரு டியூட்டியாக இருக்கும்.

என்கிட்ட எஃப்எம் 26 இருக்கு. இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

2025 பதிப்பை அந்த ஆண்டு பிப்ரவரியில் ரத்து செய்துவிட்டார்கள், அதனால் 24க்கு அடுத்தது 2025 நவம்பரில் வந்த 26தான். அதில் பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது இன்னொன்று என்று தனித்தனியாக அமைக்கலாம். ஃபார்மேஷன் கேள்வியில் ரோல்களை வைத்துச் சுற்றி வளைத்து உண்டாக்கிய அந்த மூன்று-இரண்டு-ஐந்து வடிவத்தை அங்கே நேரடியாகவே வரைந்துவிடலாம். திரை அமைப்பு பழக ஒரு வாரம் ஆகும். பழைய சேவில் இருந்ததை அப்படியே வரைந்து பார்க்காமல், முதலில் பந்து இல்லாத வடிவத்தை முடித்துவிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு ஆளும் எத்தனை அடி ஓட வேண்டியிருக்கும் என்று பாருங்கள். வலது ஃபுல் பேக் இடது விங் வரை ஓடுகிற மாதிரி வரைந்த ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், போன வாரம்தான் திருத்திக்கொடுத்தேன்.